நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவதற்கு முன்: கரிசலில் இருந்து நடிக்கப் போகிறவர்களுக்கு

நடிக்கப் போவது என்று முடிவெடுத்த கோவில்பட்டிப் பிள்ளைகள் பலரும் முதலில் கேட்பது, "சென்னையில ஏஜென்ட் யாரையாவது தெரியுமா?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். தமிழ் சினிமாவில் புதுமுகத்தை ஏஜென்ட் கண்டுபிடிப்பது அபூர்வம். உதவி இயக்குநர்களும் காஸ்டிங் பார்ப்பவர்களும்தான் தேடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படும்போது காட்டுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

கரிசல்காட்டுப் பிள்ளையிடம் பேச்சு இருக்கிறது. சசி இயக்கிய 'பூ' (2008), ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையில் இருந்து வந்தது. வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) பூமணியின் 'வெக்கை' நாவலில் இருந்து வந்தது. இந்தக் கரிசல் கதைகளுக்காக வெளியூர் நடிகர் ஆள் வைத்துப் பழக வேண்டிய பேச்சு உங்களுக்கு வீட்டுப் பேச்சு.

அதனால் முதல் வேலை, வாய்விட்டு வாசிப்பது. கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன் மூவரும் கோவில்பட்டி வட்டாரத்தில் பிறந்து சாகித்ய அகாதமி விருது வாங்கியவர்கள். அவர்கள் புத்தகங்களில் உங்கள் வயதுக்கு ஒத்த ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் அதன் பேச்சைச் சொல்லி, செல்போனில் பதிந்து கேளுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'லே' போட்டால் தெற்கத்திப் பேச்சு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. வராது. தாமிரபரணிக் கரைப் பேச்சு வேறு, கரிசல் பேச்சு வேறு. தெலுங்கு பேசும் வீடுகளில் புழங்கும் தமிழின் இழுவை இன்னும் வேறு. எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச்சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். விலை பேசுகிறவர் எந்த இடத்தில் குரலை இறக்குகிறார், எப்போது போகிறவர் மாதிரித் திரும்பிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். எந்த நடிப்புப் பள்ளியிலும் அந்தப் பாடம் கிடைக்காது. கூடவே வட்டாரச் சாயல் இல்லாத பொதுத்தமிழிலும் பேசப் பழகுங்கள். வட்டாரப் பேச்சு மட்டுமே வரும் என்றால் ஒரே மாதிரி வேடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள்.

அடுத்தது மேடை. 'பூ'வில் பேனாக்காரராக வந்த ராமு, அதற்கு முன்பு ஊர் ஊராக வீதி நாடகம் போட்டவர். அந்த ஒரு படத்தால் 'பூ' ராமு ஆனார். பிறகு 'பரியேறும் பெருமாள்' கல்லூரி முதல்வர், 'சூரரைப் போற்று' அப்பா என்று 2022இல் காலமாகும்வரை நடித்தார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ், பெண் வேடம் கட்டி ஆடிய கூத்துக் கலைஞர். இவர்களைக் கேமரா முன்னால் நிமிர்ந்து நிற்க வைத்தது கூட்டத்தின் முன்னால் நின்ற பழக்கம்.

இந்தப் பக்கத்தில் அந்தப் பழக்கத்துக்கு வழி இல்லாமல் இல்லை. தமிழ் நாடகத்துக்கு அடித்தளம் போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்காரர். மேடைப் பாட்டுகளால் நாட்டையே அசைத்த மதுரகவி பாஸ்கரதாஸ், விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரம். பங்குனி, சித்திரையில் கோயில் கொடைக்கு 'வள்ளி திருமணம்' போடுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பபூனும் தனித்தனியே புக் ஆகி வந்து, ஒத்திகை இல்லாமல் மேடையில் சேர்ந்து விடிய விடிய நடிக்கிறார்கள். நடுச்சாமத்தில் தூங்கி வழியும் கூட்டத்தை ஒரு பபூன் எப்படி எழுப்பி உட்கார வைக்கிறார் என்று பாருங்கள். பிறகு அவரிடமே போய்க் கேளுங்கள். பள்ளியில் படிப்பவர்களுக்குக் கலைத் திருவிழா இருக்கிறது. பெரியவர்களுக்குத் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கலை இரவுகளும் வீதி நாடகக் குழுக்களும் இருக்கின்றன.

முறையாகப் படிக்க நினைத்தால், டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. பட்டமும் நாடக அனுபவமும் வேண்டும். தேர்வானவர்களுக்கு உதவித்தொகை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் படிக்கலாம். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை பசுபதி, விதார்த், குரு சோமசுந்தரம் போன்றவர்களைத் தந்தது. ராஜபாளையத்துக்காரரான விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே நடிப்பைக் கவனித்தவர். "கோர்ஸ் முடித்தால் பட வாய்ப்பு நிச்சயம்" என்று லட்சம் கேட்கிற இடத்தில் சேராதீர்கள்.

மூன்றாவது, படமும் வீடியோவும். ஸ்டுடியோ செலவு வேண்டாம். காலை வெயில் ஏறுமுன் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று நான்கு படங்கள் போதும்: முகம், இடுப்புவரை, முழு உருவம், பக்கவாட்டு. முகத்தை வெளுக்கும் ஃபில்டர் கூடாது. கரிசல் வெயில் பட்ட நிறத்தோடு ஆள் தேடுகிறவரிடம் வெளுத்த படத்தைக் கொடுத்தால் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். வீடியோ இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், பிறகு ஒரு நிமிட நடிப்பு. பம்பை அடிக்க, சிலம்பம் சுற்ற, டிராக்டர் ஓட்ட, ஹாக்கி ஆடத் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள். உயரத்தில் பொய் வேண்டாம்.

பிறகு குறும்படம். உள்ளூர் நண்பர்கள் எடுக்கும் படத்தில் சம்பளம் இல்லாமலும் நடிக்கலாம், ஆனால் முடிந்த படத்தின் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் படப்பிடிப்பு நடக்கும்போது உதவி இயக்குநர்களிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு உங்கள் புகைப்படங்களைக் கொடுங்கள். இன்றைய உதவி இயக்குநர்தான் நாளைய இயக்குநர். ஆடிஷன் செய்தி வந்தால், அந்த நிறுவனம் அல்லது இயக்குநரின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள். சென்னை சாலிகிராமத்தில் அறை எடுப்பது என்றால் ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கட்டும், பகுதி நேர வேலையும் இருக்கட்டும்.

இப்போது ஏஜென்ட். துணை நடிகர் ஏஜென்ட் கூட்டக் காட்சிகளுக்கு ஆள் கொண்டுபோகிறவர். படப்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று பழக அது நல்ல வழி, ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மேனேஜர் என்பவர் தேதியும் சம்பளமும் பேசுகிறவர். இரண்டு மூன்று படங்கள் கைக்கு வந்த பிறகு போதும். இருவருக்கும் ஒரே விதி: நீங்கள் சம்பாதித்த பிறகு அதில் ஒரு பங்கு. பதிவுக் கட்டணம், போட்டோஷூட் கட்டணம், 'சங்க அட்டை' வாங்கித் தரக் கட்டணம் என்று முன்பணம் கேட்கிறவர் ஏஜென்ட் இல்லை. அட்டை பற்றித் தெரிய வேண்டுமானால் தியாகராய நகரில் உள்ள தென்னிந்திய நடிகர் சங்க அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருட ஒப்பந்தம், எவ்வளவு பங்கு, எப்படி விலகலாம் என்ற மூன்றையும் தமிழில் எழுதி வாங்குங்கள்.

பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும்: ஆடிஷன் பகலில், அலுவலகத்தில். லாட்ஜ் அறைக்கோ தனி வீட்டுக்கோ கூப்பிட்டால் போகாதீர்கள். துணைக்கு ஆள் வரக்கூடாது என்று சொல்லுமிடத்தில் உங்களுக்கும் வேலை இல்லை.

பிள்ளையை நடிக்க அனுப்பும் பெற்றோர் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளை அனுப்பிய காலத்தைப் பார்த்த ஊர் இது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்கக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். படிப்பு கெடக் கூடாது. இவற்றைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

ஏற்கெனவே யாரிடமாவது ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.