கண்ணுக்குத் தெரியாத வேலியும் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளும்

கொத்தனார் செங்கற்களுக்கு இடையே சாந்து பூசாவிட்டால் சுவர் மழைநீரைத் தாங்காது. நம் குடலின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள செல்களும் செங்கற்களைப் போல் நெருங்கி நிற்பவையே. குடலில் உள்ளவை எல்லாம் அவற்றின் இடுக்கு வழியே உடலுக்குள் கசிந்துவிடாமல் காப்பது எது? ஒவ்வொரு செல்லின் மேல்விளிம்பையும் அரைஞாண் போல் சுற்றியுள்ள ‘இறுக்க இணைப்பு’தான். ஃபார்குவார், பலாடே ஆகிய இருவரும் 1963-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு இதனை விளக்கினர்.

உருவம் தெரிந்தது, ஆனால் அது எந்தப் புரதத்தால் ஆனது? அதைக் காட்ட வந்ததே எதிர்ப்பொருள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைத் தேடிப் பற்றும். ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து தயாரிக்கும் முறையை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். அம்முறையால் 1986-இல் அமெரிக்காவில் ‘இஸட் ஓ-1’ என்ற புரதம் இந்த இணைப்பில் இருப்பது கண்டறியப்பட்டது.

சோதனை முறை எளிது. கண்ணாடித் தகட்டில் நிலைநிறுத்திய செல்களின் மேல் எதிர்ப்பொருளை விட வேண்டும். ஒட்டாததைக் கழுவியபின், முதல் எதிர்ப்பொருளைப் பற்றக்கூடியதும் ஒளிரும் சாயம் ஏற்றப்பட்டதுமான இரண்டாம் எதிர்ப்பொருளை விட வேண்டும். மீண்டும் கழுவி, அதற்குரிய நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களின் எல்லைகள் தேன்கூட்டின் அறைகள் போல் ஒளிரும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்ததை வீட்டில் சொன்னால் என் தாயார் கேட்பது ஒன்றுதான்: “அது உனக்கு எப்படித் தெரியும்?” ஆய்வுக்கூடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தையும் பற்றியிருக்கலாம் அல்லவா? ஆகவே முதல் எதிர்ப்பொருள் விடாத தகடு ஒன்றும், அப்புரதத்தின் ஜீன் நீக்கப்பட்ட செல்கள் உள்ள தகடு ஒன்றும் உடன் வைக்கப்பட வேண்டும். இரண்டும் இருண்டிருந்தால்தான் ஒளியை நம்பலாம். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போதும் உரிய எடையில் கோடு தெரிய வேண்டும்.

அதன் பிறகும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1993-இல் ஜப்பானில் ஃபுருசே, ட்சுகிடா குழுவினர் கோழிக்குஞ்சின் ஈரலிலிருந்து பிரித்த சவ்வைக்கொண்டு எதிர்ப்பொருள் தயாரித்து, ஏறத்தாழ 65 கிலோடால்டன் எடையுள்ள ‘ஆக்லூடின்’ புரதத்தைக் கண்டனர். வேலியின் இழை இதுவே என எண்ண இடமிருந்தது. ஆனால் 1998-இல் ஆக்லூடின் ஜீனை நீக்கிய செல்களிலும் இறுக்க இணைப்பு உருவாயிற்று! அதே ஆண்டில் அக்குழுவினரே ‘கிளாடின்’ புரதங்களைக் கண்டனர். கிளாடின்-1 இல்லாத சுண்டெலிக் குட்டிகள் தோல் வழியே நீரை இழந்து, பிறந்த ஒரு நாளுக்குள் இறப்பது 2002-இல் வெளியாயிற்று.

எதிர்ப்பொருள் பொய் சொல்லவில்லை. புரதம் இருக்கும் இடத்தை அது சொன்னது. புரதத்தின் வேலையைச் சொல்லவில்லை. இடத்தை அறிய ஒரு சோதனை, வேலையை அறிய வேறொரு சோதனை. நண்பர்களே, நம் செய்முறை ஏட்டில் ஒளிர்ந்த தகட்டின் படத்தை மட்டுமன்று, இருண்ட தகட்டின் படத்தையும் வரைந்து வைப்போம். முன்னதை நம்பலாம் என்பதற்குப் பின்னதே சாட்சி.