மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ

பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் நாள் கணக்கா யோசிப்பீங்க. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மிச்சம் இருக்கிற காசுல வாங்குவீங்க. தென்காசிப் பக்கம் அது சரிப்பட்டு வராது தங்கச்சி. சாரல் சீசன் தொடங்கி, ஆரியங்காவு கணவாய் வழியா காத்து அடிக்க ஆரம்பிச்சா கரண்ட் எப்படி வெட்டி வெட்டி வரும்னு உனக்கே தெரியும். அத்தனையையும் முதல்ல தாங்குறது அந்தப் பெட்டிதான்.

மாடுலர்னா வேண்டாத கேபிளைக் கழட்டி வெச்சுக்கலாம், அவ்வளவுதான். அதுக்கும் தரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. காசை முதல்ல உள்ளே இருக்கிற சரக்குக்குக் கொடு, அப்புறம் கேபிளுக்குக் கொடு.

1. பெட்டி மேல இருக்கிற வாட்டை நம்பாதே. பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற லேபிளைத் திருப்பிப் பாரு. 12 வோல்ட் வரிசையில எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கும், அதை 12-ஆல பெருக்கு. 45 ஆம்பியர்னா 540 வாட். 550 வாட் பெட்டிக்கு அது சரியான கணக்கு. "450 வாட்"னு கொட்டை எழுத்துல போட்டுட்டு 12 வோல்ட்டுல 15 ஆம்பியர்தான் இருந்தா, உன் பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைக்கிறது 180 வாட்தான். அங்கேயே வெச்சுட்டு வந்துடு.

2. பின்னாடி 115/230னு சிவப்பு சுவிட்ச் இருந்தா வேண்டாம். பழைய காலத்து டிசைன் அது. குழந்தைங்க கை பட்டு 115-க்குத் தள்ளிட்டா, பிளக்கைப் போட்ட உடனே வெடிச்சுடும். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளதா, லேபிள்ல 100லேருந்து 240 வோல்ட்னு போட்டிருக்கிறதாக் கேளு; அதுக்குள்ளே வோல்டேஜ் ஏறி இறங்கினா அதுவே பார்த்துக்கும். சாயங்காலம் லோ வோல்டேஜ் ஆகிற ஊர்க்காரங்களுக்கு இது கட்டாயம்.

3. கோல்டா, பிரான்ஸானு ரொம்பக் குழம்பாதே. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னுதான் சொல்லும், பாதுகாப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. பாதி லோடில் கோல்டு 90 சதவீதம், பிரான்ஸ் 85 சதவீதம். 300 வாட் இழுக்கிற கம்ப்யூட்டர்ல வித்தியாசம் 20 வாட். தினம் 5 மணி நேரம் ஓட்டினா மாசத்துக்கு 3 யூனிட். கரண்ட் பில்லுக்காக கோல்டு வாங்காதே. வாரண்டி 5 வருஷத்துக்குக் குறையாம இருக்கானு பாரு, அது முக்கியம்.

4. செமி மாடுலர் போதும். 24 பின் கேபிளும் சி.பி.யு. கேபிளும் எப்படியும் மாட்டத்தான் போறே. அதைக் கழட்டுற வசதிக்கு எதுக்குக் கூடுதல் காசு?

5. இதை மட்டும் மறந்துடாதே: ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி பெட்டியில மாட்டவே கூடாது. எல்லாரும் செய்யற தப்பு இது. மதர்போர்டு பக்கத்து முனைதான் எல்லாருக்கும் பொது. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துல எந்தக் குழியில 12 வோல்ட், எந்தக் குழியில 5 வோல்ட்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில சமயம் ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். பின் அச்சுப் பிசகாம உள்ளே போகும், 'டக்'னு பூட்டிக்கும். சுவிட்சைப் போட்டதும் எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும் கருகிடும். போட்டோவெல்லாம் போச்சுன்னு அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை. மிச்சக் கேபிளை ஒரு ஜிப் கவர்ல போட்டு, மேலே மாடல் பேரை ஸ்கெட்ச் பேனாவால எழுதி வை. பழைய பெட்டி போச்சுன்னா அதோட கேபிளையும் சேர்த்துத் தூக்கிப் போடு. கடையில செகண்ட் ஹேண்டா கேபிள் இல்லாமக் கொடுத்தா வாங்காதே.

6. யு.பி.எஸ். இல்லாம சீசனைத் தாண்டலாம்னு நினைக்காதே. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கூட கரண்ட் போனா 16 மில்லி செகண்ட் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். கைமாத்தி எடுக்க அது போதும். நீ ஃபைலை சேவ் பண்ணப் போதாது. வீட்டு இன்வெர்டர் ஸ்கொயர் வேவ்னா ஆக்டிவ் பி.எஃப்.சி. பெட்டியோட ஒத்துப்போகாம அணைஞ்சு போகலாம். சைன் வேவ்தானானு கேட்டுக்கோ.

7. கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு இருக்கா? புது எஸ்.எம்.பி.எஸ். மாத்தினாலும் போகாது. எர்த் சரியில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மூணு பின் பிளக்குல எர்த் பின்னை ஒடிச்சு மாட்டுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும்.

- சாரல் அடிக்கிற ஜன்னலோரம் கேபினெட்டை வைக்காதே, தரையிலயும் வைக்காதே. ஐப்பசி இடிக்குப் பிளக்கையே உருவிடு.
- பில் எழுத்து அழிஞ்சுடும். வாங்கின அன்னைக்கே சீரியல் நம்பரோட போட்டோ எடுத்து வை. ரீப்ளேஸ்மென்ட்டைக் கடைக்காரரே அனுப்புவாரா, நீ திருநெல்வேலிக்குத் தூக்கிட்டு அலையணுமானு காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கேளு.
- கடையில பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்து ஃபேனைச் சுத்த வெச்சுக் காட்டினா, உயிர் இருக்குன்னு மட்டும் அர்த்தம். லோடு தாங்குமானு அதுல தெரியாது.
- தூசி தட்டுறேன்னு மூடியைக் கழட்டாதே. பிளக்கை உருவின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். வெளியிலேர்ந்தே பிரஷ்ஷால தட்டு, ஊது, போதும்.