உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சையும் இழையங்களும்



குருதியில் ஒட்சிசனின் பெரும்பகுதி செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினுடன் சேர்ந்தே செல்கின்றது. மிகச் சிறிய பகுதி மட்டும் திரவவிழையத்தில் கரைந்து செல்கின்றது. இச்சிறிய பகுதியைப் பெருக்குவதே உயரமுக்க ஒட்சிசன் சிகிச்சையாகும்.

1. தத்துவம்

அமுக்கம் கூடும்போது திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழிகள் எழுவது, அமுக்கம் குறைந்து காபனீரொட்சைட்டு வெளியேறுவதாலாகும். சிகிச்சையில் இதற்கு எதிர்மாறானது நிகழ்கின்றது. நோயாளி மூடிய அறையொன்றில் 2 முதல் 3 வளிமண்டல அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கின்றார்.

100 மி.லீ. குருதியில் கரைந்துள்ள ஒட்சிசன் (அண்ணளவாக):
- சாதாரண வளி, 1 வளிமண்டலம்: 0.3 மி.லீ.
- தூய ஒட்சிசன், 1 வளிமண்டலம்: 2 மி.லீ.
- தூய ஒட்சிசன், 3 வளிமண்டலம்: 6 மி.லீ.

ஓய்விலுள்ள உடல் 100 மி.லீ. குருதியிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 5 மி.லீ. ஆகும். எனவே கரைந்த ஒட்சிசனே அத்தேவைக்குப் போதுமாகின்றது.

2. குருதிப் பாய்ச்சல்

இதனைக் கவனமாக மனதிற் கொள்க. இச்சிகிச்சையின்போது சிறு நாடிகள் விரிவதில்லை, சுருங்குகின்றன. ஆகவே குருதிப் பாய்ச்சல் குறைகின்றது, வீக்கமும் குறைகின்றது. எனினும் ஒவ்வொரு துளிக் குருதியிலும் ஒட்சிசன் மிகுந்திருப்பதால் இழையத்தின் ஒட்சிசன் மட்டம் உயர்கின்றது. பல நாட்கள் தொடர்ந்து அளித்தால், ஆறாத புண்களில் புதிய மயிர்க்குழாய்கள் வளரவும் உதவும்.

3. பயன்கள்

(அ) ஆழ்கடலிலிருந்து விரைவாக மேலெழும் சுழியோடிகளின் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றிப் பாய்ச்சலைத் தடுக்கும். பொயிலின் விதிப்படி, அமுக்கம் கூட்டப்படும்போது அவை சிறிதாகும். இதற்கான அறை திருகோணமலையில் கடற்படையினரிடம் உண்டு.

(ஆ) காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் ஈமோகுளோபினுடன் சேரும். குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய, சாதாரண வளியில் 4 முதல் 5 மணித்தியாலங்கள் செல்லும். உயரமுக்க ஒட்சிசனில் ஏறத்தாழ அரை மணித்தியாலம் போதும்.

4. நாம் அறியவேண்டியது

டயகம போன்ற குளிர்ப் பிரதேசங்களில், பூட்டிய லயன் அறைக்குள் கரிச்சட்டி வைத்து உறங்குவது உயிராபத்தாகும். இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் ஏற்பட்டால் கதவைத் திறந்து, அனைவரையும் வெளியே கொண்டுவந்து, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். திருகோணமலை தொலைவு; முகமூடி வழியே தூய ஒட்சிசனை அளிப்பதே அங்கு முதற் சிகிச்சையாகும்.

பயிற்சி

1. குருதிப் பாய்ச்சல் குறைந்தும் இழைய ஒட்சிசன் கூடுவது ஏன்?
2. கரிச்சட்டி எரியும் அறையில் காற்றோட்டம் அவசியமாவது ஏன்?