கோவிட் விட்டுப்போன களைப்பு: யாருக்கு எந்த உடற்பயிற்சி?

கோவிட் வந்துபோய் மாதக்கணக்காகியும் களைப்பு தீராத இளைஞர்கள் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு பயிற்சியைச் செய்து பார்த்து, இன்னும் மோசமாகி வந்தவர்கள். நண்பர்கள் போகிறார்கள் என்று ஜிம்மில் சேர்ந்த மாணவர்கள் உண்டு. "படுத்தே கிடந்தா உடம்பு எப்படித் தேறும்? எழுந்து ஓடு" என்று அப்பா விரட்டியதால் மைதானத்துக்குப் போன பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு எந்த வகைக் களைப்பு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடை, யோகா, மூச்சுப்பயிற்சி எல்லோருக்கும் தெரிந்தவை. எது யாருக்கு என்பதை மட்டும் சொல்கிறேன். நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவமனையில் நாள்கணக்கில் படுத்துத் தசை வற்றியவருக்கு மேற்பார்வையோடு செய்யும் பயிற்சி நல்லது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 585 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ரீகெயின் ஆய்வில், எட்டு வார இணையவழிக் குழுப்பயிற்சி பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. முடிவுகள் 2024இல் வெளியாயின. மூச்சிரைப்பு முதன்மையாக இருந்தால் மூச்சுப்பயிற்சி. எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடிவிடுகிறவர்கள், மருத்துவரைக் கலந்துகொண்டு, படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் செய்பவற்றில் தொடங்க வேண்டும்.

இனி, நான் அஞ்சும் வழி: "இன்று பத்து நிமிடம், நாளை பதினைந்து, வலித்தாலும் விடாதே" என்று நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவது. நல்ல உடம்புக்கு இது பலம் தரும். ஆனால் இப்படிக் கோவிட் தொல்லை நீடிக்கும் நெடுங்கோவிட் உள்ள பலருக்குச் சிறு உழைப்புக்குப் பிறகும் எல்லாத் தொல்லைகளும் கூடிவிடுகின்றன. அதுவும் உடனே வராது. ஓரிரு நாள் கழித்து அடித்துப் போடும். திங்கட்கிழமை ஓடியவர் புதன்கிழமை எழ முடியாமல் கிடப்பார். இடையில் நாள் கடந்துவிடுவதால், ஓட்டம்தான் காரணம் என்று அவருக்கே தோன்றாது. வீட்டார் சோம்பல் என்பார்கள்.

இது மனப்பிரமை அல்ல. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இத்தகைய 25 நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அதற்கு முன்னும் மறுநாளும் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த பிறகு தசையில் சிதைவு கூடியிருந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையும் குறைந்திருந்தது. இது 2024இல் வெளிவந்தது. இதே இயல்புள்ள நாட்பட்ட சோர்வு நோய்க்கு, படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை 2007இல் பரிந்துரைத்த பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2021இல் அதைக் கைவிட்டது. பயிற்சி தொடங்கும் முன், உழைப்புக்குப் பின் தொல்லை கூடும் இந்தக் குறி உண்டா என்று சோதியுங்கள் என உலகப் பிசியோதெரபி அமைப்பும் அதே ஆண்டு சொன்னது.

இக்குறி உள்ளவர்களுக்குச் சக்தியைப் பங்கிட்டுச் செலவழிப்பதே வழி. குளிப்பதும் படியேறுவதும் படிப்பதும்கூட உழைப்புத்தான். களைப்பு வருமுன்பே நிறுத்துங்கள். இன்று செய்ததையும் மூன்றாம் நாள் உடம்பு இருந்த விதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரம் தொல்லை கூடாமல் போனால் மட்டும் கொஞ்சம் கூட்டலாம். என்னைக் கேட்டால், வீட்டுக் கூடத்துக்குள் மெல்ல நடப்பதையே எந்த ஜிம்முக்கும் மேலாக வைப்பேன். செலவில்லை, போட்டியில்லை, தள்ளாடினால் நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது. அப்படி நடந்து தேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒன்று. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே படிப்பு ஒத்துவராததுபோல, எல்லா உடம்புக்கும் ஒரே பயிற்சி ஒத்துவராது. பக்கத்து வீட்டுப் பையன் தேறிய கதையைச் சொல்லி விரட்டாதீர்கள். பிள்ளைகளே, உங்கள் உடம்பால் இன்று என்ன முடியும் என்பதை நீங்களே கவனித்துப் படியுங்கள். அடுத்தவர் வேகம் உங்களுக்கு அளவுகோல் அல்ல. அவசரப்பட்டு ஒரு நாளில் பெறுவதை ஒரு வாரம் படுத்து இழப்பதைவிட, பொறுத்திருந்து சிறிது சிறிதாகப் பெறுவதே நிற்கும்.