விளையாட்டும் கல்வியும்

பாடம் முடிந்தபின் எஞ்சும் நேரத்தில் குழந்தைக்கு அளிக்கப்படும் சலுகையே விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. கல்வியியல் இதனை ஏற்பதில்லை. இளம் பருவத்தில் கற்றல் நிகழும் முதன்மையான வழியே விளையாட்டுதான்.

விளையாட்டு கற்பிப்பது என்ன?

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். 14 குழிகளில் குழிக்கு 5 வீதம் இட்டால் 70 காய்கள். எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணிக்கும் குழந்தை, எண்ணுதலையும் திட்டமிடுதலையும் ஒருங்கே பயில்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகுகிறது.

குச்சியைக் குதிரையாகக் கொள்ளும் கற்பனை விளையாட்டும் இத்தகையதே. ஒரு பொருள் மற்றொன்றைக் குறிக்கலாம் என்ற உணர்வை அது வளர்க்கிறது. எழுத்து ஒலியைக் குறிக்கிறது என்பதை அறியவும் இவ்வுணர்வே துணை புரிகிறது. ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் இதனை விளக்கியுள்ளார்.

கர்நாடகத்தின் அனுபவம்

மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் 1995இல் யுனிசெஃப் உதவியுடன் ‘நலி கலி’ முறை தொடங்கப்பட்டது. ‘களித்துக் கற்பாய்’ என்பது இதன் பொருள். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைப் பின்பற்றி, பாடங்கள் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. பாடல், கதை, விளையாட்டு ஆகியவற்றின் வழியே ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறுகிறது. எனினும், ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே கவனிக்க முடிந்தால்தான் இம்முறை பயனளிக்கும். அட்டையை முடிப்பதே குறிக்கோளாகிவிட்டால் விளையாட்டு மறைந்து, பயிற்சி மட்டுமே மிஞ்சும்.

சிவாஜிநகரின் தேவை

பெங்களூரின் சிவாஜிநகர், 1927இல் கட்டப்பட்ட ரஸ்ஸல் சந்தையைச் சுற்றி நெருங்கி அமைந்த வணிகப் பகுதி. தமிழ், உருது, கன்னடம் பேசும் குடும்பங்கள் இங்கு அருகருகே வாழ்கின்றன. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்ற நிலையிலுள்ள குழந்தைக்கு, பிழைக்கு அஞ்சாமல் புதுமொழி பேசும் வாய்ப்பை விளையாட்டே தருகிறது. தமிழரின் பல்லாங்குழியே கன்னடத்தில் ‘அளகுளி மணெ’. ஆதலின் ஒரே பலகையில் இரு மொழிக் குழந்தைகளும் அமரலாம்.

ஆனால் சிறிய வீடுகளும் வாகனங்கள் நிறைந்த சந்துகளும் விளையாட இடம் தருவதில்லை. அருகிலுள்ள கப்பன் பூங்காவின் பால பவன், அன்றாட விளையாட்டுக்கு ஈடாகாது.

செய்ய வேண்டியது

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டிடத்தையும் விளையாட்டுப் பொருள்களையும் வேண்டுகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020, 3 முதல் 8 வயது வரையிலான கல்விக்கு விளையாட்டை அடிப்படையாகக் கொள்கிறது. நெரிசல் மிகுந்த நகர்ப்பகுதிகளில் இவ்விதிகள் நிறைவேற, பள்ளி மைதானங்களை மாலையில் திறந்துவிடலாம். அங்கன்வாடிகளில் விளையாட்டுக்கென ஒரு மூலையை ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்குப் பொம்மையும் முற்றமும் வீட்டிலேயே கிடைக்கின்றன. ஏழைக் குழந்தைக்கோ பொது இடமே முற்றம். அதனை மறுத்தால், ஏற்றத்தாழ்வு முதல் வகுப்புக்கு முன்பே தொடங்கிவிடும்.