பழைய இரும்பில் ஒளிந்திருக்கும் ஆபத்து

தோழர்களே, நமது லயங்களில் பழைய இரும்பு சேர்த்து வைக்காத வீடு குறைவு. நாலு காசு கிடைக்கிறது, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆகிறது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குவியலில் எப்போதாவது வந்து சேரக்கூடிய ஒரு சாமானைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரேசில் நாட்டில் கோயானியா என்று ஒரு நகரம். அங்கே புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்த ஒரு கிளினிக், இடம் மாறியபோது பழைய இயந்திரத்தைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டுப் போனது. 1987 செப்டம்பரில் இரண்டு பேர் அதைக் கழற்றி இரும்புக்கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137 என்ற தூள், 100 கிராம்கூட இல்லை. இருட்டில் நீலமாக மின்னியது. கடைக்காரர் அதிசயப்பட்டு, சொந்தக்காரர்களுக்கும் கூட்டாளிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். உடம்பில் பூசிக்கொண்டவர்களும் உண்டு. ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டது.

கழற்றியவர்களுக்கு வாந்தி, பேதி. ஒருவருக்குக் கை வீங்கியது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வைத்தியம் பார்த்தவர்கள் நினைத்தார்கள். உள்ளதைச் சொன்னால், நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்து மருந்து கொடுத்திருப்பேன். இரும்புக்கடைக்காரரின் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் நோயாவதற்கு அந்தத் தூள்தான் காரணம் என்று, அதை ஒரு பையில் போட்டு, பஸ்ஸில் ஏறிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அந்த அம்மாளும் அந்தப் பிள்ளையும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். லட்சம் பேருக்கு மேல் விளையாட்டரங்கில் சோதிக்கப்பட்டார்கள். 249 பேரிடம் தூள் பட்டிருந்தது.

வீடுகளை இடித்து, மண்ணைச் சுரண்டி அள்ளியதில் ஏறக்குறைய 3,500 கன மீட்டர் கழிவு சேர்ந்தது. கைப்பிடித் தூளுக்கு இத்தனை குப்பை! சீசியம் பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். ஆகவே அந்தக் கழிவைப் பக்கத்து ஊரில் கட்டிடம் கட்டிப் புதைத்துக் காவல் காக்கிறார்கள்.

இன்னொன்று நமக்குப் பக்கத்தில். தாய்லாந்தில், பாங்காக் அருகே சமுத்பிரகானில், 2000-ஆம் ஆண்டு இதேபோல் கோபால்ட்-60 உள்ள பழைய மருத்துவ இயந்திரம் இரும்புக்கடைக்குப் போனது. மூன்று பேர் மாண்டார்கள். அதன்மேல் மூன்று இறக்கை விசிறி போன்ற எச்சரிக்கைச் சின்னம் இருந்தது. பிரித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை.

இந்த மாதிரிச் சாவுகளுக்குப் பிறகுதான், அனைத்துலக அணுசக்தி நிறுவனம் 11 நாடுகளில் சாதாரண மக்களிடம் காட்டிக் கேட்டு, 2007-இல் புதிய சின்னம் ஒன்றைக் கொண்டு வந்தது. சிவப்பு முக்கோணம், மேலே விசிறியிலிருந்து கதிர் பாய்கிறது, கீழே மண்டை ஓடும், ஓடுகிற மனிதனும். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். இது பெட்டிக்கு வெளியே இருக்காது. மூடியைக் கழற்றினால்தான் தெரியும்படி உள்ளே ஒட்டுவார்கள். பிரிக்கிறவனுக்காகவே செய்தது. பழைய இயந்திரங்களில் இது இல்லாமலும் இருக்கலாம்.

கதிர் பட்டவரைத் தொட்டால் நமக்கும் வருமா என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து கதிர் மட்டும் பட்டால் வராது. தூள் பட்டிருந்தால், உரம் போடுகிறவர் மேல் உரத்தூள் ஒட்டுவதுபோல ஒட்டி, வீட்டுக்கும் வந்துவிடும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அப்படி அல்ல. சுவிட்சை அடைத்தால் கதிரும் நின்றுவிடும்.

நம் நாட்டில் இதற்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2018 ஆகஸ்டில், வெல்டிங்கைச் சோதிக்கும் இரிடியம் கருவி ஒன்று, சுமார் 23 கிலோ எடை, சிரம்பானிலிருந்து ஷா ஆலம் போகும் வழியில் வண்டியிலிருந்து காணாமல் போனது.

ஆகவே, அளவுக்கு மீறிக் கனக்கிற சிறிய பெட்டி, உள்ளே ஈயம், விசிறிச் சின்னம், இவற்றில் எதைக் கண்டாலும் உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள், சட்டைப்பையில் போடாதீர்கள். பிள்ளைகளைத் தூர விரட்டுங்கள். எட்டப் போகப் போகக் கதிர் வேகமாகக் குறையும். 999-க்குப் போன் செய்து போலீசிடமோ போம்பாவிடமோ சொல்லுங்கள். தொட்டுவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டித் தனியே வையுங்கள். பிறகு வாந்தி வந்தாலும், வெந்நீர் படாமலே கை வெந்தது போலானாலும், டிரெசரிடம் வரும்போது, "பழைய இரும்பு உடைத்தேன் ஐயா" என்பதை முதலில் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடுவோம்.