சக்கரங்களை இடம் மாற்றுதல்

மாட்டு வண்டி ஒன்றை நோக்குங்கள். அதனை இழுப்பன மாடுகள். சக்கரங்கள் தாமே இழுப்பதில்லை, இழுபட்டு உருளுகின்றன. மோட்டார் வண்டியின் நிலை வேறு. அங்கே மாடும் சக்கரமும் ஒன்றே. எந்தச் சக்கரங்களுக்கு எஞ்சினின் ஆற்றல் செல்கின்றதோ, அவையே தரையை உந்தி வண்டியை நகர்த்துகின்றன.

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் வண்டியில் அவ்வாற்றல் பின்சக்கரங்களுக்குச் சென்றது. 1983ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்த மாருதி 800 என்னும் சிறு காரோ முன்சக்கரங்களால் இயங்குவது. இம்முறை அதற்கும் முற்பட்டதே. பிரான்சு நாட்டுச் சித்ரோவன் நிறுவனத்தார் 1934இல் வெளியிட்ட வண்டியும், அலெக் இசிகோனிஸ் என்பார் வகுக்க 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி என்னும் வண்டியும் இவ்வகையினவே. இன்று நம் தெருக்களில் காணப்படும் சிறு கார்களுள் மிகப் பலவும் முன்சக்கரங்களால் இயங்குவன. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்புறத்தே ஒருங்கமைவதால், உள்ளே அமர்வார்க்கு இடம் மிகுதியாகக் கிடைக்கின்றது.

அந்நலத்தின் பொருட்டு மிகுதியாக உழைப்பவை முன்டயர்கள். வண்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கை அவை சுமக்கின்றன, வண்டியை இழுக்கின்றன, வளைவில் திருப்புகின்றன, பிரேக்கை மிதிக்குங்கால் நிறுத்தும் வேலையிலும் பெரும்பங்கு அவற்றுடையதே. பின்டயர்கள் பெரும்பாலும் உடன் உருண்டு வருவன. ஆதலின் முன்டயர்கள் விரைந்து தேய்கின்றன. அவற்றின் ஓரங்கள் இன்னும் விரைந்து தேய்கின்றன.

இவ்வுண்மையை நான் நூலிற் கற்றேனல்லேன். சில ஆண்டுகட்கு முன்னர், ஓர் ஐப்பசி மாலையில் மேலூரிலிருந்து மதுரைக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். அருகே என் பெயர்த்தி இருந்தாள். மழை விட்டு நெடுநேரம் ஆகவில்லை. ஒரு வளைவில் நீர் தேங்கியிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேரே வழுக்கிச் சென்று, சாலையோரத்துச் சேற்றில் இறங்கி நின்றது. எதிரே நான்கு முழத்தொலைவில் ஒரு புளியமரம்! குழந்தை அழவும் மறந்து என் கையைப் பற்றிக்கொண்டாள்.

மறுநாள் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் டயர்களைப் பார்த்தார். "ஐயா, பின்டயர்கள் இன்னும் நெடுந்தூரம் ஓடும். இந்த முன்டயர்களைக் கையால் தடவிப் பாருங்கள். இரண்டும் மொட்டை! இடையிடையே இடம் மாற்றிப் போட்டிருந்தால் நான்கும் ஒருசேரத் தேய்ந்திருக்குமே" என்றார். மொழிமாற்றுப் பொருள்கோளை முப்பது ஆண்டுகள் மாணவர்க்குக் கற்பித்தவன், சக்கரங்களை மாற்றக் கற்றிலேனே என நாணினேன்.

டயரின் மேலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டன அல்ல. ஈரச் சாலையில் டயருக்கும் தரைக்கும் இடைப்படும் நீர் அப்பள்ளங்களின் வழியே வெளியேறுகின்றது. பள்ளம் ஆழமற்றுப் போனால் நீருக்கு வழியில்லை. டயர் தரையைத் தொடாது நீரின்மேல் மிதக்கும். அப்பொழுது ஸ்டியரிங்கும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது. பள்ளத்தின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு மேடுகள் சில உண்டு. டயர் அம்மேட்டின் மட்டத்திற்குத் தேய்ந்துவிடின் அதனைக் கழித்துவிடல் வேண்டும். பின்னே மாற்றிப் போட்டுத் தப்ப முயல்வது பேதைமை. தேய்ந்த டயர் பின்னே இருப்பின் வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழலும். ஆகவே இடமாற்றம் தேய்ந்த பின்னர்ச் செய்வதன்று. ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்வது.

முன்சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு உரிய முறை இது: முன்சக்கரங்கள் தத்தம் பக்கத்திலேயே நேராகப் பின்னே செல்லும்; பின்சக்கரங்கள் பக்கம் மாறி முன்னே வரும். பக்கம் மாறுவதால் அவை சுழலும் திசை மாறுகின்றது; ஒரு திசையிற் சாய்ந்து தேய்ந்த விளிம்பு மறுதிசையிற் சமனாகின்றது. எனினும், சில டயர்களின் பக்கத்தில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். அவற்றைப் பக்கம் மாற்றலாகாது. அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்றுவதே முறை.

வேலைக்கு வேண்டுவன ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி, இரண்டு மரக்கட்டைகள் அல்லது கற்கள். வண்டி சமமான கெட்டித் தரையில் நிற்றல் வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கைப்பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களையே பற்றும். கியரோ முன்சக்கரங்களைப் பற்றும். வளைவில் இருபுறச் சக்கரங்களும் வெவ்வேறு விரைவில் சுழல வேண்டும் என்பதற்காக முன்சக்கரங்களின் இடையே பல்சக்கர அமைப்பொன்று உள்ளது. ஆதலின் ஒரு முன்சக்கரத்தை மேலே தூக்கினால், அது அந்தரத்தில் சுழல, தரையிலுள்ள மற்ற முன்சக்கரம் உருளக்கூடும், கியர் தடுக்காது. அதனால் கைப்பிரேக், கியர் ஆகிய இரண்டையும் இட்டு, தூக்கும் சக்கரத்திற்குக் குறுக்கே எதிர்மூலையிலுள்ள சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் இன்றியமையாதது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சிறிது நெகிழ்த்துக. தூக்கிய பின் நெகிழ்த்த முயன்றால் வண்டி அசைந்து ஜாக்கி சாயும். உற்பத்தியாளர் குறித்த இடத்திலேயே ஜாக்கியை வைக்க. கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் கிடத்தி வைப்பது நலம். ஜாக்கி நழுவினும் வண்டி அதன்மேல் தங்கும். கையையோ காலையோ அடியில் நீட்டுதல் எக்காரணத்தாலும் கூடாது.

ஜாக்கி ஒன்று, சக்கரம் நான்கு. எவ்வாறு மாற்றுவது என்று கேட்பீர்கள். என் பெயர்த்தி தாளில் நான்கு கட்டம் வரைந்து இதற்கு விடை கண்டாள். முன் இடச் சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியைப் பூட்டுக. கழற்றியதைப் பின் இடப்புறத்தில் பூட்டுக. அங்கே கழற்றியதை முன் வலப்புறத்திலும், அங்கே கழற்றியதைப் பின் வலப்புறத்திலும் பூட்டுக. இறுதியாகப் பின் வலப்புறத்திற் கழற்றியதை முன் இடப்புறத்திற்குக் கொண்டுவந்து ஸ்டெப்னியை விடுவிக்க. ஐந்து முறை தூக்க வேண்டும். எனினும் ஒருபொழுதும் ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரம் அந்தரத்தில் நிற்பதில்லை.

நட்டுகளை அடுத்தடுத்து முடுக்காமல் எதிரெதிராக முடுக்குக. அப்பொழுதுதான் சக்கரம் கோணாமற் பதியும். முதலிற் கையால் திருகி, சக்கரம் தரையைத் தொட்டபின் ஸ்பானரால் இறுக்குக. ஸ்பானரின்மேல் ஏறி மிதிப்பாரும் உளர். அது திருகாணியையே கெடுக்கும். அச்சாணியின் சிறப்பு திருக்குறளிலும் பேசப்படுகின்றது. இந்தச் சிறு நட்டுகள் அதன் உறவினவே. முன்டயருக்கும் பின்டயருக்கும் காற்றளவு வேறாக விதித்திருப்பின், டயர் குளிர்ந்திருக்கும்போதே அதற்கேற்பத் திருத்துக. விதித்த அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். நான் முதன்முறை அவ்வாறு பார்த்தபோது, பின் வலச் சக்கரத்தின் நட்டு ஒன்று கால் சுற்று இறங்கியது. பெயர்த்தி அதனை இறுக்கிவிட்டு, அன்றைய தேதியையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள்.